மூன்று கயிறு, இருபது தோட்டம்: உருளைக்கிழங்கு ரகம் தேடிய ஒரு கார்போகம்

இரண்டு வருடம் முன்பு என் தாய்மாமாவிடம் ஒரு புது உருளைக்கிழங்கு ரகத்தைப் போடச் சொன்னேன். நூற்புழு தாங்கும், கருகல் நோய் தாங்கும், விளைச்சல் வரும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவரும் நம்பி அரை ஏக்கர் போட்டார். செடி நன்றாகத்தான் நின்றது, கிழங்கும் குறையில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையைப் பிரித்தபோதுதான் வினை. கண் ஆழமாக இருக்கிறது, பார்த்தால் ஊட்டிக் கிழங்கு மாதிரியே இல்லையே என்று 45 கிலோ மூட்டைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைத்தே கேட்டார்கள். மாமா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம், "நம்ம மருமகன் சொன்ன கிழங்கு நல்லாத்தான் வெளையுது, விக்கத்தான் மாட்டேங்குது" என்றாராம். அதற்கப்புறம் என்னிடம் மழை எப்படி, அம்மா எப்படி என்பதைத் தாண்டி ஒரு பேச்சும் இல்லை.

அந்த உறுத்தலில் தொடங்கியதுதான் இந்த வேலை. ஒரு விவசாயிக்கு எந்த ரகம் சரி என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டு, அவரையே போட்டுப் பார்த்து அவரையே சொல்ல வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் உழவர் குழுவில் நாலு பேர் சேர்ந்தோம். என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம் என்று எழுதி வைக்கிறேன், வேறு யாராவது செய்தால் அதே குழியில் விழாமல் இருக்கலாம்.

முதலில் முறை. பெரிய சோதனைத் திடலில் இருபது ரகத்தை வரிசையாக நட்டு விவசாயிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவது பழைய வழக்கம். அது தப்பில்லை, ஆனால் அந்தத் திடலின் மண்ணும் உரமும் தண்ணீரும் யார் தோட்டத்திலும் இருக்காது. இன்னொரு வழி இருக்கிறது: ஆளுக்கு மூன்றே மூன்று ரகம், பெயர் சொல்லாமல் கொடுப்பது. அவர் தன் தோட்டத்தில் தன் வழக்கப்படி பயிர் செய்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: எது சிறந்தது, எது மோசம். மீதி ஒன்று தானாக நடுவில் வந்துவிடும். ஒருவர் மூன்றைத்தான் பார்த்திருப்பார், ஆனால் பல பேரின் மூன்றுகளைச் சேர்த்தால் எல்லா ரகத்துக்கும் வரிசை கிடைத்துவிடும். டிரைகாட் என்று பெயர். நிகரகுவாவில் பீன்ஸ், எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் கோதுமை என்று 12,409 பாத்திகளில் இப்படிச் செய்து 2019-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. பாத்திகள் அத்தனை இருந்தால் பல பேரின் வரிசைகளை ஒன்றாகச் சேர்க்கிற பிளாக்கெட்-லூஸ் என்கிற கணக்கெல்லாம் போட வேண்டும், அதற்கு இலவச மென்பொருளும் உண்டு. எங்களுக்குக் கோடு போட்ட நோட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆறு ரகம் எடுத்தோம்: குஃப்ரி ஜோதி, சுவர்ணா, நீலிமா, சஹ்யாத்ரி, கிர்தாரி, ஹிமாலினி. எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் குஃப்ரி சிம்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மலை ஊர், ரகம் உருவாக்கும் வேலை அங்கே தொடங்கியது என்பதால் அந்தப் பெயர் எல்லா ரகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆறு ரகத்திலிருந்து மும்மூன்றாக எடுத்தால் சரியாக இருபது விதமாக எடுக்கலாம். இருபது விவசாயி கிடைத்தால் ஒவ்வொரு கூட்டும் ஒரு தடவை வரும், ஒவ்வொரு ரகமும் பத்துத் தோட்டத்தில் விழும், எந்த இரண்டு ரகத்தை எடுத்தாலும் அவை நேருக்கு நேர் நாலு இடத்தில் மோதும். இந்தக் கணக்கு சரியாக உட்கார்ந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாத்திக்கு 30 விதைக்கிழங்கு, ரகத்துக்கு 300, மொத்தம் 1800. ஒரு விதை 45 கிராம் என்று வைத்தால் ரகத்துக்கு பதின்மூன்றரைக் கிலோ. கழித்துக்கட்ட வேண்டியதும் இருக்கும் என்று 20 கிலோ கேட்டோம்.

முதல் சிக்கல் விதை வந்த அன்றே. மூன்று ரகம் மலையிலேயே சாதாரணக் கிடங்கில் இருந்தவை, கண்ணில் முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் வேறொரு இடத்தின் குளிர்பதனக் கிடங்கிலிருந்து நேராக வந்தவை, கல் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே நாளில் நட்டால் முளைத்தது முந்தும், தூங்குவது பிந்தும். அப்புறம் எது மோசம் என்று கேட்டால் விவசாயி தூங்குமூஞ்சி விதையைக் காட்டுவார், நாங்கள் அதை ரகத்தின் குணம் என்று எழுதிக்கொள்வோம். மாமாவுக்குச் செய்ததைவிடப் பெரிய பாவம் அது. வந்ததை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர். கடைசியில் நடவைத் தள்ளிப்போட்டோம். தூங்கினதைச் சாக்கும் வைக்கோலும் போட்டு மூடி அடுப்பங்கரைச் சுவரோரம் கதகதப்பாக வைத்தோம், ஏற்கெனவே முளைத்ததை வெளிச்சம் படும் திண்ணையில் ஒற்றை அடுக்காகப் பரப்பினோம். இருட்டில் விட்டால் முளை வெள்ளையாக நூல் மாதிரி நீண்டு, கை பட்டாலே ஒடியும், வெளிச்சத்தில் இருந்தால் குட்டையாக, பச்சையாக, தடித்து நிற்கும். மூன்று வாரம் போனது. எல்லாம் ஓரளவு சமமாக வந்தபோது ஏப்ரல் முடியப் போகிறது, கோடை மழையில் ஒரு நல்ல மழையைக் கோட்டை விட்டிருந்தோம். ஆனாலும் காத்திருந்தது சரிதான் என்று இப்போதும் சொல்வேன்.

அடுத்தது அடையாளம். பைக்குள் அட்டை போட்டு அ, ஆ, இ என்று எழுதினோம். முதல் வாரப் பனியிலேயே மை கரைந்துவிடும் என்று எங்களில் வயதானவர் சொன்னார், நாங்கள் நம்பவில்லை, அட்டையை ஒரு இரவு வெளியில் வைத்துப் பார்த்தோம், விடிந்ததும் நம்பினோம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிற நைலான் கயிறு வாங்கி, பைக்கு ஒரு நிறம், பாத்தியின் இரண்டு முனைக் குச்சிக்கும் அதே நிறம் என்று மாற்றினோம். எந்த வீட்டில் எந்தக் கயிறு எந்த ரகம் என்பது எங்கள் நோட்டில் மட்டும். யாருக்கு எந்தக் கூட்டு என்பதற்கு இருபது சீட்டு எழுதி முறுக்கு டின்னில் போட்டுக் குலுக்கினோம். இதில் ஒரு தப்பு நடந்தது, அது பின்னால் வருகிறது.

பெயரை மறைத்தது முழுதாகப் பலித்தது என்று சொல்ல மாட்டேன். இத்தலாரில் ஒரு பாட்டி மஞ்சள் கயிற்றுப் பையை அவிழ்த்து ஒரு கிழங்கை எடுத்துக் கண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஜோதிதானேப்பா, இதுக்கு எதுக்குக் கயிறு?" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் புழங்குகிற ரகம், 1968-இல் வெளிவந்தது, அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கையில் இருக்கிறது. அவரிடம் எதை மறைப்பது? மற்ற ஐந்தையும் யாராலும் சொல்ல முடியவில்லை, அதுவே போதும் என்று விட்டோம்.

இங்கே நூற்புழுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரகம் மாற்று என்று எதற்கு இத்தனை பேர் கத்துகிறார்கள் என்பது புரியாது. 1961-இல் ஊட்டி விஜயநகரத்தில் ஜோன்ஸ் என்கிற இங்கிலாந்து நூற்புழு நிபுணர்தான் இந்த முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தார். பெண் புழு வேரில் ஒட்டி ஊதி, செத்த பிறகு அதன் தோலே முட்டைகளுக்குக் கூடாகிவிடும். ஒரு கூட்டில் சில நூறு முட்டை. உருளைச் செடியின் வேர்க்கசிவு பட்டால்தான் பெரும்பாலும் பொரியும், அதுவரை இருபது வருடம்கூட மண்ணில் சும்மா கிடக்கும். இதனால்தான் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று 1971-இலேயே தடை வந்தது. தாங்கும் ரகத்தைப் போட்டால் வேடிக்கை என்னவென்றால், வேர்க்கசிவு பட்டு முட்டை பொரியும், புழு வேருக்குள் போகும், ஆனால் அங்கே அதனால் வளர முடியாது. புழுவை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடாமல் அனுப்புவது மாதிரி. 1985-இல் வந்த சுவர்ணா அப்படிப்பட்டது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 1957-இலிருந்து இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பாதி ஆயுள் இந்த வேலையில்தான் போயிருக்கும்.

அதனால் ஒரு தோட்டத்து மண் இன்னொரு தோட்டத்துக்குப் போகாமல் இருக்கப் பாடுபட்டோம். ஒவ்வொரு தோட்டத்தை விட்டு வரும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவினோம், பழைய சாக்கு எதையும் திரும்பப் பயன்படுத்தவில்லை. ஒரு வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, "எங்க மண்ணு என்ன தீட்டாங்க?" என்று சிரித்தார்கள். செடிக்கு அறுபது நாள் ஆனபோது பாத்திக்கு ஒரு செடியைப் பக்குவமாகப் பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசி லென்ஸில் காட்டினோம். வேரோரம் கடுகைவிடச் சிறிய மணிகள், ஒவ்வொன்றும் ஊதிய ஒரு பெண் புழு, சில வெள்ளை, சில தங்க மஞ்சள். முப்பது வருடமாகக் கிழங்கு போடுகிற ஆட்கள் அதை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். செடி வெளுப்பதற்கு உரம் போதவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். ஜோதியின் வேரில் மணி கோத்த மாதிரி, சுவர்ணாவின் வேரில் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாளித் தண்ணீர் செய்த வேலையை நான் பேசின பேச்சு எதுவும் செய்யவில்லை.

ஜூலையில் கருகல். நாலு நாள் வெயிலே இல்லாமல் மஞ்சு இறங்கி நின்றால் போதும், இலை ஓரத்தில் வெந்நீர் பட்ட மாதிரி ஒரு திட்டு, காலையில் புரட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம், அடுத்த வாரம் தோட்டம் முழுக்க நாறும். ஜோதி வந்த காலத்தில் இதைத் தாங்கிய ரகம்தான், நோய்தான் மெல்ல மாறி அதை ஜெயித்துவிட்டது. மருந்து அடிப்பதானால் மூன்று பாத்திக்கும் ஒரே மாதிரி அடியுங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தோம். நஞ்சநாட்டில் ஒரு அண்ணன் மட்டும் சிவப்புக் கயிற்றுப் பாத்திக்குக் கூடுதலாக இரண்டு தடவை மான்கோசெப் என்கிற பூசண மருந்தை அடித்திருந்தார். ஏன் என்றால், "வாடறத பாத்துட்டு சும்மா இருக்க முடியுமாங்க?" என்றார். நியாயம்தான். அவர் தோட்டத்துக் கருகல் பதிலை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

கேள்வி கேட்பதும் ஒரு கலை என்று அப்போதுதான் தெரிந்தது. எது நல்லா இருக்கு என்று கேட்டால் பாதிப் பேர் "எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். விதை கொடுத்தவன் மனம் கோணக்கூடாது என்ற மரியாதை. எது மோசம் என்று கேட்டால் அந்த மரியாதைக்கு வழியில்லை, மூன்றில் ஒன்றைக் காட்டித்தான் ஆகவேண்டும், காட்டியதும் ஏன் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். அதனால் இரண்டாம் தடவையிலிருந்து மோசத்தை முதலில் கேட்டோம். இன்னொன்று, முதலில் போனில் கேட்டபோது எல்லா வீட்டிலும் ஆண்கள்தான் பேசினார்கள். மண் அணைப்பதும் கிழங்கு பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். அறுவடையின்போது நேரில் போய் இருவரையும் தனித்தனியாகக் கேட்டதில், எமரால்டு பக்கம் ஒரு வீட்டில் கணவர் முதலில் வைத்த ரகத்தை மனைவி கடைசியில் வைத்தார். கிழங்கு தண்டிலிருந்து தூரம் தள்ளிப் போய் விழுகிறது, தோண்ட நேரம் ஆகிறது, கொத்து பட்டு வெட்டுக்கிழங்கும் அதிகம் என்றார். கணவருக்கு அது தெரியவே தெரியாது, அவர் மூட்டையை மட்டும்தான் பார்த்தார்.

இருபதில் நாலு போனது. ஒன்றில் காட்டெருமை இரண்டு ராத்திரி படுத்துப் புரண்டது. ஒன்றில் வடிகால் அடைத்து மூன்று பாத்தியும் அழுகியது. இன்னொரு வீட்டில் விலை திடீரென்று ஏறியதைக் கேள்விப்பட்டு இளங்கிழங்காகவே தோண்டி ஒரே குவியலாகக் கொட்டி லாரி ஏற்றிவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், கடன் அப்படி. நாலாவது வீட்டில் சின்னப் பையன் கயிற்றையெல்லாம் அவிழ்த்துப் பட்டம் விட்டுவிட்டான். ஆக, எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த அந்த அழகான இருபது, பதினாறாகி மூளியானது. இனிமேல் செய்தால் கூட்டுகளை ஒன்றரை மடங்கு ஆளுக்குப் பங்கிட்டுவிடுவேன்.

மீதி பதினாறு தோட்டத்து விளைச்சலைத் தராசிலும் போட்டுப் பார்த்தோம். விவசாயி கண்ணால் சொன்ன வரிசையும் தராசு சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது, மாறிய இடங்களில் வித்தியாசமே ஒரு கிலோ இரண்டு கிலோதான்.

சரி, பதில்? நோட்டில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, யார் யாரை எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்று கோடு கிழித்தோம். விளைச்சல், கருகல், உருவம், தோண்டும் சிரமம் என்று கேள்விக்கு ஒரு கட்டம். முதல் கூட்டலில் ஜோதி கருகலில் கடைசிக்குப் பக்கத்தில், விளைச்சலில் நடுவில். ஜோதியை விட்டுவிட வேண்டியதுதான் என்று நோட்டை மூடப்போனேன். அப்போதுதான் கூட இருந்தவர், கோத்தகிரிப் பக்கத்தைத் தனியாகக் கூட்டு என்றார். இத்தலாரும் எமரால்டும் நஞ்சநாடும் மலையின் மேற்கே, தென்மேற்குப் பருவமழை நேராக முகத்தில் அடிக்கும். நெடுகுளா, கக்குச்சிப் பக்கம் கிழக்கே, ஜூலையில் அங்கே அவ்வளவு மழை கிடையாது, அவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். ஒரே மாதத்தில் இங்கே மஞ்சு, அங்கே ஸ்பிரிங்க்ளர். பிரித்துக் கூட்டினால் கிழக்கே ஜோதி விழுந்த தோட்டங்களில் பிழைத்தவை மூன்று, மூன்று பேருமே அதைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். கருகல் வராத இடத்தில் அதற்கு என்ன குறை? மூன்று தோட்டம் ஒரு முடிவுக்குப் போதாது, தெரியும். முறுக்கு டின்னில் செய்த தப்பு இதுதான், மேற்குக்கு ஒரு டின், கிழக்குக்கு ஒரு டின் என்று தனித்தனியாகக் குலுக்கியிருந்தால் இரண்டு பக்கமும் எல்லா ரகமும் சமமாக விழுந்திருக்கும். ஆனால் ஊட்டிக்கு ஏற்ற ரகம் எது என்று இத்தனை நாள் நானே பலரிடம் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது தப்பான கேள்வி என்பது அந்த இரவில் விளங்கியது. எந்தப் பள்ளத்தாக்கு, எந்தப் போகம், யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்காமல் ரகத்தின் பெயரைச் சொல்வது ஜாதகம் பார்க்காமல் நாள் குறிப்பது மாதிரி.

யார் வாங்கப் போகிறார்கள் என்பதற்காக ரகத்துக்குப் பத்துப் பத்துக் கிலோவை நம்பர் போட்டு மண்டிக்குக் கொண்டுபோனோம். தெரிந்த வியாபாரி ஒருவர் ஆறு குவியலையும் இரண்டு நிமிடத்தில் வரிசைப்படுத்திவிட்டார். மண்ணைக் கட்டை விரலால் தேய்த்துத் தோலைப் பார்த்தார், கண்ணின் ஆழத்தைப் பார்த்தார், சைஸ் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கையால் கிளறினார், அவ்வளவுதான். விளைச்சலில் முதலாவதாக வந்தது அவருக்கு நாலாவது. அதே ஆறையும் அத்தை ஒரே பாத்திரத்தில் வேகவைத்தார். ஒன்று கரைந்தே போனது, போண்டாவுக்குச் சரி, குழம்புக்கு ஆகாது. ஒன்று எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாக நின்றது. வியாபாரியின் முதல் இரண்டில் ஒன்று அத்தைக்கும் முதல் இரண்டில் இருந்தது, கருகலிலும் நன்றாக நின்றிருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே போகம், ஒரே தடவை வந்த விதை, அதிலும் பாதி தூங்கி எழுந்தது. பெயரை எழுதினால் நாளைக்கே யாராவது ஒரு ஏக்கர் போட்டுவிடுவார்கள், அதற்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை விலை கொடுத்தாயிற்று. பதினாறு வீட்டுக்கும் அவரவர் கயிற்றுக்கு உரிய பெயரையும், அவரவர் பக்கத்து வரிசையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து நீர்போகம், பாசனத் தண்ணீரில் போடும் பயிர். விதைக்கு இப்போதே சொல்லியாயிற்று, ஆறு ரகமும் ஒரே கிடங்கிலிருந்துதான் வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. டின் இரண்டு. நைலான் கயிற்றுக்குப் பதில் பெயிண்ட் அடித்த குச்சி, பட்டம் விட முடியாது. ஆள் முப்பது தேவை, இருபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் மாமா போன் செய்தார். மழை எப்படி, அம்மா எப்படி என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தக் குச்சி மூட்டை ஒண்ணு இங்கயும் அனுப்பிவிடு. கேள்வியெல்லாம் என்னைக் கேக்காத, உங்க அத்தையைக் கேளு" என்றார். இருபத்தேழு.